பேர் எழுதப்படாத குடும்பங்கள்

சரித்திரப் பாடம்: சயாம் மரண ரயில்பாதை



வெள்ளாங்குளத்திலிருந்து கரையோரமாகத் தெற்கே போனால் மன்னார் வரும். தீவின் நுனியில் தலைமன்னார். நம்முடைய பாட்டன் பூட்டன்மார் பலர் கடல் தாண்டி வந்து இறங்கியது இந்தக் கரையில்தான். அதே தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து வேறு பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலாயாவுக்குப் போனார்கள். நாம் தேயிலைக்கு வந்தோம், அவர்கள் ரப்பருக்குப் போனார்கள். லயமும் கங்காணியும் பிரட்டும் அங்கேயும் இருந்தன. யுத்தத்தில் அந்தச் சொந்தங்களுக்கு என்ன நடந்தது என்பதை இந்த முறை படிப்போம்.

வேலை என்று சொல்லி அழைத்தார்கள்

1941 டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது. 1942 பெப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது. ரப்பர் ஏற்றுமதி நின்றது, துரைமார் ஓடிவிட்டார்கள், தோட்டத்தில் சம்பளம் இல்லை, அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்குதான் சாப்பாடு.

அப்போது ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீற்றர் ரயில்பாதை போடத் தொடங்கினார்கள். "மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு உண்டு" என்று ஆள் சேர்த்தார்கள். ஆள் போதாமல் போனதும் பலவந்தம் வந்தது. தோட்டங்களிலும் ரோட்டிலும் மறித்து லொறியில் ஏற்றினார்கள். சில இடங்களில் இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டிவைத்து, கதவை அடைத்துக் கொண்டுபோனார்கள். காலையில் பால்வெட்டப் போன புருஷன் பொழுதுபட்டும் வீடு திரும்பவில்லை.

சங்கிலி போட்டால்தான் அடிமை என்று நினைக்க வேண்டாம். விட்டுப் போக முடியாத, கூலி கேட்க முடியாத, வீட்டுக்குத் தகவல் சொல்ல முடியாத வேலை எதுவானாலும் அது அடிமை வேலைதான்.

காட்டில் அவர்கள், லயத்தில் இவர்கள்

மலையை வெட்டி, மழையில் நின்று, அடியும் பட்டு வேலை செய்தார்கள். 1943-ல் கொலரா பரவியது. முகாம் முகாமாகச் செத்தார்கள். அந்த வருஷம் ஒக்டோபர் 17-ல் பாதையின் இரண்டு முனையும் இணைந்தது. அதற்குப் பிறகும் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. பாதையைப் பராமரிக்க என்று பலரை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

லயத்தில் பெண்கள் கிழங்கு நட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றினார்கள். ரயிலுக்குப் பிடித்துக்கொண்டு போவதற்குத் தப்பி, இந்தியாவுக்கு விடுதலை வேண்டும் என்ற ஆசையோடும், சுபாஷ் சந்திர போஸின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த வாலிபர்களும் உண்டு. தோட்டத்துப் பெண்களும் சேர்ந்தார்கள். 1945 ஓகஸ்டில் யுத்தம் முடிந்ததும் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். மற்றவர்களுடைய வீட்டில் காத்திருப்புத்தான் மிச்சம். புருஷன் இருக்கிறானா செத்தானா என்று தெரியாமலே கிழவியான பெண்கள் இருந்தார்கள்.

எண்ணப்பட்டவர்களும் எண்ணப்படாதவர்களும்

அந்தப் பாதையில் சுமார் 60,000 வெள்ளைக்காரக் கைதிகள் வேலை செய்தார்கள். 12,000-க்கு மேல் இறந்தார்கள். அவர்களிடம் டாக்டர்கள் இருந்தார்கள், பேர்ப்பட்டியல் இருந்தது. அதனால் சயாமில் காஞ்சனபுரி என்ற ஊரில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன.

ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். தமிழரும் பர்மியரும் மலாய்க்காரரும் ஜாவாக்காரரும் அதில் அடக்கம். இறந்தவர்கள் 70,000 என்பாரும் உண்டு, 100,000 என்பாரும் உண்டு. சரியான தொகை இல்லை, ஏனென்றால் பேர் எழுதவில்லை. காஞ்சனபுரியில் தமிழர்களுக்கு என்று ஒரு நடுகல் வைக்க 2023 வரை ஆனது.

நமக்கு என்ன பாடம்?

பேர் இல்லாத கஷ்டம் நமக்கும் புதிதல்ல. 1948-ல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது தகப்பன் வழி முன்னோர் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். அது இல்லாமல் லட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து வன்னிக்கும் மன்னார்ப் பக்கத்துக்கும் வந்த குடும்பங்கள், 2008, 2009 யுத்தத்தில் மறுபடி ஓடின. ஓடும்போது உயிரோடு சேர்ந்து பத்திரமும் போனது.

ஆகவே:

1. பிள்ளை பிறந்தால் 42 நாளுக்குள் பதியுங்கள். மூன்று மாதம் கடந்திருந்தால் காலங்கடந்த பதிவு செய்யலாம், வெட்கப்பட்டு விட்டுவிடாதீர்கள்.
2. பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்களில் பேர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். பிழை இருந்தால் கிராம சேவகரிடம் கேட்டு, பிரதேச செயலகத்துக்குப் போங்கள்.
3. எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து, வேறு ஊரிலுள்ள சொந்தக்காரர் ஒருவரிடம் ஒரு கட்டு கொடுத்து வையுங்கள்.
4. காணாமல் போனவர் வீட்டில் இருந்தால், அவருடைய பேர், வயது, கடைசியாகக் கண்ட இடம், தேதி எல்லாவற்றையும் இன்றைக்கே எழுதுங்கள். 2016-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த காணாமல் போனோர் அலுவலகத்தில் அதைக் கொடுக்கலாம்.

வீட்டில் பேச: உங்கள் பாட்டன், பாட்டி நாலு பேருடைய பேரும் ஊரும் பிள்ளைகளுக்குத் தெரியுமா? இன்றிரவு ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுதத் தெரியாத பெரியவர் சொல்லட்டும், படிக்கிற பிள்ளை எழுதட்டும்.