ஹப் டைனமோ பூட்டப்போகும் தம்பிக்கு



மலாக்காவில் தமிழர்கள் இருட்டில் சைக்கிள் மிதிக்கப் பழகியது தோட்டத்தில்தான். வருகைப் பதிவான பெரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, விடிவதற்குள் தங்கள் மர நிரைக்குப் போய்ச் சேர வேண்டிய பால்மரத் தொழிலாளர்கள், கேரியரில் வாளியைக் கட்டிக்கொண்டு, தலையில் கார்பைட் விளக்கோடு செம்மண் சாலையில் போனார்கள். ரப்பர் நின்ற இடத்தில் இன்று பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. அதுவும் போய்ப் பல இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. ஆனால், இருட்டோடு மிதிப்பவர்கள் குறைந்துவிடவில்லை. ஆயர் குரோவிலும் பத்து பெரண்டாமிலும் தொழிற்சாலை ஷிப்ட் மாறும் நேரத்தில் சாலையோரம் நின்று பார்த்தாலே தெரியும். புக்கிட் பெருவாங்கில் பட்டறை போட்டிருக்கும் உன்னிடம் விளக்குக்காக வரப்போகிறவர்கள் இவர்களும்தான். விலை உயர்ந்த வண்டியோடு வருகிற ஞாயிற்றுக்கிழமை ஓட்டுநர்கள் மட்டுமல்லர்.

ஹப் டைனமோவைப் பற்றி வருகிறவர்களுக்குச் சொல்ல முதலில் அதன் குணம் உனக்குப் பிடிபட வேண்டும். டயரில் உரசி ஓடும் பாட்டில் டைனமோவைத் தாத்தா காலத்திலிருந்து எல்லாருக்கும் தெரியும். தமிழ்நாட்டில் விளக்கில்லாத சைக்கிளைப் போலீஸ் பிடித்த நாட்களில் மில்லர் டைனமோ பூட்டிய வண்டி என்றால் ஒரு மதிப்பு இருந்தது. அதன் குறைகளும் எல்லாருக்கும் தெரிந்தவைதான்: சத்தம், மிதிக்கக் கனம், டயர் தேய்மானம். மழையில் டயர் நனைந்ததும் உருளை வழுக்கி, வெளிச்சம் மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே மங்கிப்போகும். முன்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே இருக்கும் ஹப் டைனமோவில் உரசல் கிடையாது. அச்சோடு அசையாமல் நிற்கும் சுருளைச் சுற்றிக் காந்த வளையம் சக்கரத்தோடு சுழல்கிறது, அவ்வளவுதான். மலாக்கா மழைக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

அதன் அளவு 6 வோல்ட், 3 வாட். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் அதைக் கொடுக்க வேண்டும் என்பது ஜெர்மனியிலிருந்து வந்த கணக்கு. வேகம் கூடினால் விளக்கு எரிந்துபோகாதா என்று வாடிக்கையாளர் கேட்பார். சக்கரம் வேகமாகச் சுழலச் சுழல, மாறுமின்சாரத்தின் அதிர்வெண்ணும் கூடுகிறது. அதோடு சுருள் காட்டும் எதிர்ப்பும் கூடுகிறது. அதனால் மின்னோட்டம் அரை ஆம்பியர் அளவிலேயே நின்றுவிடுகிறது. பழைய குமிழ் பல்பு போட்ட வண்டிகளில் இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு. முன் பல்பு அவிந்தால் அந்த அரை ஆம்பியர் முழுவதும் பின் பல்புக்குள் பாய்ந்து அதையும் அவித்துவிடும். ‘இரண்டும் ஒரே நாளில் போய்விட்டது’ என்று ஒருவர் வந்தால் டைனமோவைச் சந்தேகப்படாதே. இப்போதைய எல்இடி விளக்குகளுக்குள் இதற்கான காப்பு இருக்கிறது.

எதை வாங்கச் சொல்வது? ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் வில்ஃப்ரீட் ஷ்மிட் 1990களில் தொடங்கிய ‘சோன்’ ஹப்புக்கு உலகெங்கும் நல்ல பெயர். அதில் நம் ஊருக்கென்றே செய்ததுபோல் ஒரு நுட்பம் இருக்கிறது. வெயிலில் சூடேறிய ஹப் திடீர் மழையில் குளிர்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கும் காற்று, பேரிங் சீல் வழியாக ஈரத்தை உள்ளே இழுக்கும். சோன் ஹப்பில் அச்சின் வழியாக அழுத்தத்தைச் சமன்செய்ய ஒரு மெல்லிய பாதை வைத்திருக்கிறார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு வெயிலும் நான்கு மணிக்கு அடைமழையுமாக இருக்கும் மலாக்காவில் இது வெறும் விளம்பரப் பேச்சல்ல. ஆனாலும் விலை பல மடங்கு. நாடு விட்டு நாடு மிதித்துப் போகிறவர் வாங்கட்டும். தினமும் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேலைக்குப் போய் வருகிறவருக்கு ஷிமானோவின் சாதாரண ஹப் போதும். சாலையில் விழும் வெளிச்சத்தில் அவர் வித்தியாசம் காணமாட்டார். டைனமோவில் மிச்சம் பிடித்த காசை நல்ல முன்விளக்குக்குப் போடச் சொல். வாகனம் நின்ற பிறகும் சில நிமிடம் எரியும் வகையாக அது இருக்கட்டும். சிக்னலில் நிற்கும்போது பின்னால் வரும் லாரிக்கு நம் ஆள் தெரிய வேண்டுமே, அதனால் பின்விளக்கும் அப்படியே இருப்பது நல்லது.

மடக்கு சைக்கிளுக்கு ஒரு சொல். சிறிய சக்கரம் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும். பெரிய சக்கரத்துக்கென்று செய்த ஹப்பை அதில் போட்டால் தேவைக்கு மேல் இழுக்கும். சிறு சக்கரத்துக்கென்றே வரும் ஹப்பைத் தேடு.

குன்றேறுகிறவர்கள் கேட்கும் கேள்வியும் ஒன்று உண்டு. புக்கிட் பெருவாங் ஏற்றத்தில் நடை வேகத்தில் மிதிக்கும்போது முன்விளக்கு துடிக்கும். அது பழுதல்ல. சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது மின்னோட்டம் விட்டுவிட்டு வருகிறது. இறங்கும்போது துடிப்பு நின்றுவிடும். வாங்கிய பிறகு சண்டை வராமல் இருக்க, இதை விற்கும் முன்பே சொல்லிவிடு.

இனி பூட்டும் வேலை. இங்கேதான் பட்டறைக்காரனின் கை தெரியும். ஷிமானோ ஹப்பில் கம்பி சொருகும் முனை வண்டியின் வலப்பக்கம் வர வேண்டும். பேரிங் சரிசெய்ய நினைத்தால் இடப்பக்கக் கோனில் மட்டும் கை வை. வலப்பக்க நட்டைத் திருகினால் உள்ளே போகும் மெல்லிய கம்பி முறுக்கி அறுந்துவிடும். ‘போன பட்டறையில் சும்மா இறுக்கித்தான் கொடுத்தார்கள்’ என்று சொல்லி வரும் ஹப்புகளில் நடந்திருப்பது பெரும்பாலும் இதுதான். ஹப் பெரிதாக இருப்பதால் ஸ்போக் கம்பி குட்டையாக வேண்டும். பழைய சக்கரத்தின் கம்பிகளை அப்படியே மாற்றிப் போட முடியாது, அளந்து வெட்டு.

வயர் இழுக்கும்போது ஷிமானோ ஹப்பின் இரண்டு முனைகளில் ஒன்று அச்சோடு சேர்ந்தது, அதாவது எர்த் என்பதை நினைவில் வை. சில விளக்குகளில் ஒரு முனை உடலோடு சேர்ந்திருக்கும். இரண்டையும் மாற்றிச் சொருகினால் இரும்புச் சட்டத்தின் வழியாக மின்சாரம் குறுக்கே ஓடிவிடும். சக்கரம் சுற்றும், விளக்கு எரியாது. புதிதாய்ப் பூட்டிய வண்டியில் வெளிச்சமே இல்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஒற்றைக் கம்பியை மட்டும் இழுத்து, திரும்பும் பாதைக்குச் சட்டத்தை நம்பிய பழைய முறையை விட்டுவிடு. பெயின்ட்டும் துருவும் அந்தப் பாதையை என்றைக்காவது அடைத்துவிடும். ஹேண்டில் முழுதாகத் திரும்பும்போது வயர் இழுபடாமல் இருக்க ஹெட் பக்கத்தில் சிறு வளைவு விடு. முனைகளில் கொஞ்சம் கிரீஸ் தடவு. கடைசியாக வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கையால் சுற்றி, மல்டிமீட்டரை மாறுமின்சார வோல்ட்டில் வைத்துப் பார். ஹப்பில் வோல்ட் வந்து விளக்கில் வராவிட்டால் கோளாறு இடையில் இருக்கும் வயரில்தான். ஹப் கெட்டுப்போய் வருகிற வண்டிகளைவிட வயர் கெட்டு வருகிறவையே அதிகம்.

பழைய ராலே வண்டியைத் துருவோடு வாங்கி மினுக்குகிறவர்கள் ஒரு நாள் கொழுத்த முன் ஹப்பைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். நாட்டிங்காமின் ஸ்டர்மி-ஆர்ச்சர் 1930களில் கொண்டுவந்து 1980கள் வரை செய்த டைனோஹப் அது. அதைப் பார்த்ததும் பிரித்துவிட ஆசை வரும். பொறு. உள்ளே இருக்கும் சுருளைக் காந்த வளையத்திலிருந்து வெறுமனே உருவினால், காந்தம் அப்போதே வலுவிழந்துவிடும். திருப்பிப் போட்டாலும் பழைய மின்சாரம் வராது. சுருள் வெளியே வரவர, அதன் இடத்தில் மிருது இரும்பு வளையம் ஒன்று உள்ளே போக வேண்டும். காந்தம் ஒரு நொடிகூட வெறுமனே நிற்கக் கூடாது. அந்த வளையத்தைக் கடைசல் பட்டறையில் செய்து கைவசம் வைத்துக்கொண்டு பிறகு கை வை. பேரிங்குக்குக் கிரீஸ் போடுவதற்குச் சுருளைப் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை.

டச்சுச் சதுக்கத்தில் பெச்சா என்னும் மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டுகிறவர் யாராவது வந்து, பாட்டுப் பெட்டிக்கும் வண்ண விளக்குகளுக்கும் ஹப் டைனமோ போதுமா என்று கேட்டால், போதாது என்று நேராகச் சொல்லிவிடு. ஊர்ந்து போகும் வண்டியில் 3 வாட்டே முழுதாக வராது. அவருக்குப் பேட்டரிதான்.

ஷிப்ட் முடித்து வரும் தொழிலாளிக்கு இந்த ஹப்பும் சக்கரம் கட்டும் கூலியும் சேர்ந்தால் அவர் சைக்கிளின் விலையைத் தாண்டிவிடும். அவரிடம் விற்காதே. நல்ல பாட்டில் டைனமோவோ, சார்ஜ் ஏற்றும் விளக்கோ போட்டுக் கொடு; பின்னால் சிவப்பு விளக்கு இல்லாமல் மட்டும் அனுப்பாதே. 2017 பிப்ரவரி 18ஆம் தேதி விடியற்காலை மூன்று மணியளவில் ஜொகூர் பாருவில் ‘பாசிகல் லாஜாக்’ ஓட்டிய பையன்கள் எட்டுப் பேர் கார் மோதி இறந்தார்கள். பிரேக்கும் விளக்கும் கழற்றி மாற்றியமைக்கப்பட்ட சைக்கிள்கள் எப்படிப்பட்டவை என்று நாடே அன்றுதான் திரும்பிப் பார்த்தது. அப்படி மாற்றித் தரச் சொல்லிப் பையன்கள் உன்னிடமும் வருவார்கள். எவ்வளவு கொடுத்தாலும் அந்த வேலையை எடுக்காதே.

இனி யார் ஹப் டைனமோ கேட்டு வந்தாலும், விலைப்பட்டியலை நீட்டும் முன், எத்தனை மணிக்கு, எந்தச் சாலையில், எவ்வளவு தூரம் போகிறார் என்று கேள். பதிலைக் கேட்ட பிறகு பொருளை எடு.