டெப்பில் சார்ஜ் ஏறவில்லையா? திருத்தக் கொடுக்க முன் இதைப் பாருங்கள்

கடந்த மாதம் பக்கத்துக் கடைச் சகோதரர் ஒருவர் டெப் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். "நானா, இது மௌத்தாப் போயிட்டு. ராத்திரி முழுக்க சார்ஜில போட்டும் ஒரு பொட்டு ஏறல்ல" என்றார். நாற்பதுக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கடன் கணக்கு அதற்குள் இருந்தது. வேறெங்கும் ஒரு வரி கூட எழுதி வைக்கப்பட்டிருக்கவில்லை.

எனது மேசையில் கிடந்த வயரைக் கொளுவிக் கொடுத்தேன். கால் மணித்தியாலத்தில் திரையில் பெட்டரி அடையாளம் வந்துவிட்டது. அவர் சிரித்துக்கொண்டே போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் சில வருடங்களுக்கு முன் எனது பலசரக்குக் கடை டெப்பும் இப்படித்தான் நின்றது. ஒன்றும் யோசிக்காமல் திருத்தும் இடமொன்றில் கொடுத்தேன். சார்ஜ் ஏறும் வாயை மாற்றி, கேட்காமலேயே உள்ளே இருந்தவற்றையும் அழித்து, புதிது போல் தந்தார்கள். மூன்று மாதக் கணக்கு போய்விட்டது. வீட்டுக்கு வந்து பழைய வயரைக் கொளுவினால் அப்போதும் ஏறவில்லை! பழுது வயரில்தான் இருந்திருக்கிறது. வாடிக்கையாளர்களிடமே கேட்டுக் கேட்டு மீண்டும் எழுதினோம். சிலர் நாங்கள் நினைத்திருந்ததை விடக் கூடுதலாகச் சொன்னார்கள். சிலருக்கு ஞாபகமே இருக்கவில்லை.

ஆகவே, சார்ஜ் ஏறவில்லை என்று தெரிந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை பழுதைத் தேடுவதல்ல. இன்னும் பத்து வீதமாவது மிச்சமிருந்தால் திரை வெளிச்சத்தைக் குறைத்து, கணக்குகளை ஈமெயிலுக்கோ மகனின் வட்ஸ்அப்புக்கோ அனுப்பிவிடுங்கள். வேறு வழி தெரியாவிட்டால் போனால் திரையைப் படம் எடுத்தாவது வையுங்கள். பிறகு பழுதைப் பார்க்கலாம்.

சார்ஜ் ஏறுவதை நாம் வரவு செலவு போலப் பார்த்தால் விளங்கும். வோல்ட்டை அம்பியரால் பெருக்கினால் வருவது வொட். சார்ஜரின் முதுகில் சிறிய எழுத்தில் அவுட்புட் என்று போட்டிருப்பார்கள். 5 வோல்ட், 2 அம்பியர் என்றால் 10 வொட். பழைய சிறிய போன் சார்ஜர்கள் பல 5 வொட்தான். கணினியின் சாதாரண பழைய யூ.எஸ்.பி வாயோ அரை அம்பியர், அதாவது இரண்டரை வொட்தான் தரும். பெரிய திரையுள்ள டெப் ஒன்று முழு வெளிச்சத்தில் ஓடும்போது அதை விடக் கூடுதலாகவே குடிக்கும். வரவு இரண்டரை, செலவு நான்கு என்றால் முதல் கரையத்தானே செய்யும்? சார்ஜ் அடையாளம் காட்டிக்கொண்டே வீதம் இறங்கும் மர்மம் இதுதான். பில் கணினியில் டெப்பைக் கொளுவிவிட்டு "ஏறல்ல" என்பவர்கள் எம்மில் பலர். டெப்போடு வந்த சார்ஜரைத் தேடி எடுங்கள். இல்லாவிட்டால் அதே வொட் உள்ள நல்லதொன்றை வாங்குங்கள்.

இங்கே ஒரு தவறு பலரும் செய்வது. "இதே சார்ஜரில் என் போன் ஏறுதே, அப்போ சார்ஜர் நல்லதுதான்" என்பார்கள். போன் குறைந்த மின்னோட்டத்திலும் மெதுவாக ஏறும், டெப்புக்கு அது போதாது. போன் ஏறுவதால் டெப்பில் பழுது என்று ஆகாது. சோதிப்பதென்றால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். முதலில் ப்ளக் பொயிண்ட், பிறகு வயர், பிறகு சார்ஜர். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் எது பழுது என்று கடைசி வரை தெரியாது.

ப்ளக் பொயிண்ட்டைச் சும்மா தள்ளிவிட வேண்டாம். எமது நாட்டில் சதுர முள் ஒரு பக்கம், வட்ட முள் ஒரு பக்கம். இடையில் அடெப்டர் போட்டு, அதற்கு மேல் மல்டி ப்ளக் போட்டு வைத்திருக்கிறோம். ஒன்று தளர்ந்தாலும் கரண்ட் விட்டு விட்டு வரும். 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள். கரண்ட் போனால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, வந்து சில நிமிடங்கள் கழித்துக் கொளுவுவது இன்றைக்கும் நல்ல பழக்கம்.

அடுத்தது வயர். மலிவு வயரின் உள்ளே செம்புக் கம்பி தலைமயிர் போல மெல்லியது. அதில் வோல்ட் வழியிலேயே குறைந்துவிடும், நீளம் கூடக் கூட இன்னும் குறையும். நுனியில் மடிந்து மடிந்து உள்ளே அறுந்திருப்பதும் உண்டு. வெளியில் பார்த்தால் தெரியாது. இப்போது பெரும்பாலும் வரும் சி வகை நுனியை எப்படித் திருப்பிச் செருகினாலும் ஏற வேண்டும். ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் ஏறாவிட்டால் நுனியிலோ வாயிலோ அழுக்கு அல்லது தேய்வு இருக்கிறது. இன்னொன்று: மலிவான சில டெப்கள் இரு முனையும் சி உள்ள வயரில் ஏறவே ஏறாது, ஒரு முனை பழைய அகலமான வகை என்றால் ஏறும். சி சார்ஜர், மறுமுனையில் இருக்க வேண்டிய சிறிய ரெசிஸ்டர் ஒன்றை உணர்ந்த பிறகுதான் கரண்ட்டைத் திறக்கும். செலவைக் குறைக்க அதைப் போடாமல் விட்ட டெப்புக்கு அது திறக்காது. இது வாங்கிய நாளிலிருந்தே இருக்கும் குறை, பழுதல்ல.

இனி டெப்பின் வாய். எமது பலசரக்குக் கடைகளில் மா, மிளகாய்த் தூள், சாக்குப் பஞ்சு எல்லாம் பறக்கிறது. வயரைச் செருகும் ஒவ்வொரு முறையும் அந்தத் தூசி உள்ளே இடித்து அமர்த்தப்பட்டு, கடைசியில் நுனி முழுதாக உள்ளே போகாது. டெப்பை முழுதாக நிறுத்திவிட்டு டோர்ச் அடித்துப் பாருங்கள். பல்லுக்குத்தும் மரக்குச்சியை மெல்லியதாகச் சீவி, ஓரமாக விட்டு மெதுவாக வெளியே இழுங்கள். சி வகையில் நடுவில் மெல்லிய நாக்கு ஒன்று இருக்கும், அதன் மேல் அழுத்தக்கூடாது. ஊசி, ஹிஜாப் பின் ஒன்றும் வேண்டாம். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் போகும். தண்ணீர் பட்டிருந்தால் துடைத்துக் காற்றில் காய விடுங்கள், காயும் வரை சார்ஜர் தொடக்கூடாது. அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை. அரிசித் தூள் உள்ளே போகும் என்று ஐபோன் பற்றி ஆப்பிள் நிறுவனமே 2024 இல் எச்சரித்திருக்கிறது. அரிசி விற்கிற நானே சொல்கிறேன், அரிசியைச் சோற்றுக்கு வையுங்கள்.

மாதக்கணக்கில் மேசை லாச்சியில் கிடந்த டெப் என்றால் வேறு கதை. பெட்டரி மிகவும் இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று முதலில் துளித் துளியாகத்தான் ஏற்றும். திரை கறுப்பாகவே இருக்கும். ஒரு மணித்தியாலமாவது பொறுங்கள், இடையில் பட்டனை அமத்திக்கொண்டிருக்க வேண்டாம். பிறகும் வராவிட்டால் பவர் பட்டனையும் வொலியூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்து இருபது செக்கன் பிடியுங்கள். பெரும்பாலான அண்ட்ரொயிட் டெப்கள் இதில் எழும்பும். பிள்ளைகளின் கிண்டில் என்றால் பவர் பட்டனை மட்டும் நாற்பது செக்கன்.

வெயிலில் நின்ற லொறியில் கிடந்து சூடேறிய டெப் சார்ஜை மறுப்பதும் பழுதல்ல. ஏறத்தாழ 45 பாகை செல்சியஸுக்கு மேல் பெட்டரியைப் பாதுகாக்க அது தானாக நிறுத்தும், நிழலில் ஆறவிட்டால் போதும். எண்பது வீதத்தில் நின்றால் அது பெட்டரி பாதுகாப்பு செட்டிங். ஆனால் முதுகு உப்பியிருந்தால், திரையின் ஓரம் தூக்கியிருந்தால், அந்த நிமிடமே சார்ஜரைக் கழற்றுங்கள். அமத்திச் சரிசெய்யப் பார்க்க வேண்டாம், தீப்பிடிக்கும். குப்பையிலும் போட வேண்டாம்.

இவ்வளவும் பார்த்த பிறகே திருத்தக் கொடுங்கள். சார்ஜ் வாய் பல டெப்களில் தனிச் சிறு போர்ட்டில் இருக்கும், அதை மட்டும் மாற்றலாம். முழு போர்ட்டுக்கும் காசு சொன்னால் ஏன் என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். உள்ளே உள்ள எதையும் அழிக்கக் கூடாது என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

பழுதான வயரை நான் அன்றைக்கே கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிப் போட்டேன். இல்லாவிட்டால் கடைப் பொடியன் அதை லாச்சிக்குள் போடுவான், ஆறு மாதம் கழித்து நானே எடுத்துக் கொளுவுவேன்.