பாலும் ரப்பரும் மின்சாரமும்

காய்ந்த ரப்பர் மின்சாரத்தைத் தடுக்கும் என்பதை நாம் அறிவோம். ஆனால், அதே மரத்திலிருந்து வடியும் பால் அவ்வாறு தடுப்பதில்லை. காரணம் என்ன?

மின்னேற்றம் பெற்ற நுண்துகள்கள் நகர்வதே மின்னோட்டம் ஆகும். செம்பில் எலக்ட்ரான்கள் எளிதாக நகர்கின்றன. ஆகவே மின்கம்பிகளைச் செம்பினால் செய்கின்றனர். இஸ்திரிப் பெட்டியிலுள்ள நிக்ரோம் கம்பியில் தடை மிகுதி. ஆதலால் அது சூடேறுகிறது. ரப்பரில் நகரக்கூடிய எலக்ட்ரான்கள் இல்லை என்றே கூறலாம். பாலிலோ ஏறக்குறைய 60 விழுக்காடு நீர் உண்டு. அந்நீரில் கரைந்துள்ள உப்புகளின் அயனிகள் மின்சாரத்தைச் சுமந்து செல்கின்றன.

நம் உடலும் இவ்வகையில் பாலைப் போன்றதே! உலர்ந்த தோல் ஓரளவு நம்மைக் காக்கும். வியர்வையில் நனைந்துவிட்டாலோ, உடலின் தடை 1,000 ஓம் அளவிற்குக் குறைந்துவிடக்கூடும். அப்பொழுது 230 வோல்ட் கம்பியைத் தொட்டால் 0.23 ஆம்பியர் பாயும். முன்னாளில் வீடுகளில் எரிந்த 60 வாட் விளக்கிற்குத் தேவைப்பட்டதும் ஏறக்குறைய அவ்வளவே. இதயத்தை நிறுத்த அதில் பாதியே போதும்.

ரப்பர்க் காலணி அணிந்திருக்கிறோம் என்னும் துணிவு நம்மில் சிலருக்கு உண்டு. காலணி முழுவதும் பாலில் நனைந்திருப்பின் அத்துணிவிற்கு இடமில்லை.

ஒருவர் மின்சாரத்தில் சிக்கிக்கொண்டால் அவரைத் தொடாமல், முதலில் மெயின் சுவிட்சை அடைக்க வேண்டும். இயலாவிடில் நன்கு உலர்ந்த மரக்கட்டையால் அவரைக் கம்பியிலிருந்து விலக்கலாம். அவசரத்தில் பச்சைக் கிளையை ஒடித்துக்கொண்டு ஓடலாகாது. அதனுள்ளும் நீரும் உப்பும் உள்ளன.