நுரையை நம்பலாமா?
பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி

"நுரை வந்தால்தான் அழுக்குப் போகும்" என்பார் என் பாட்டி. எங்கள் வீட்டுக் கிணற்று நீரிலோ சோப்பு நுரைப்பதே அரிது. அம்மா கை சிவக்கத் தேய்த்தும் என் வெள்ளைச் சீருடை மாதத்துக்கு மாதம் சாம்பல் நிறமாகி வந்தது. ஒரு திங்கட்கிழமை, "உங்கள் வீட்டில் துணி துவைப்பதில்லையா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்கப்பட்டேன். என்னைச் சொன்னதைவிட, அம்மாவைச் சொன்னது போலிருந்ததுதான் எனக்கு வருத்தம். குற்றம் அம்மாவின் கையிலா, சோப்பிலா, தண்ணீரிலா? அறிவியல் ஆசிரியையின் அனுமதியோடு ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்தேன்.

தோழியரே, சோப்பின் மூலக்கூறுக்கு ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. தலை நீரை நாடும். வால் எண்ணெயை நாடும். இவை நீரில் கூட்டங்கூட்டமாகத் திரளும் என்று 1913-இல் கூறியவர் மக்பெயின் என்ற வேதியியல் அறிஞர். வால்கள் அழுக்கைப் பற்றிக்கொள்ள, தலைகள் நீரைப் பார்த்து நிற்கும். அழுக்கு நுண்துகள்களாகப் பிரிந்து, மறுபடி துணியில் படியாமல் நீரோடு போய்விடும். ஆகவே நான் நுரையைப் பார்க்காமல், அழுக்கு நீரில் கலந்து நிற்கிறதா என்று பார்த்தேன்.

பாட்டியின் மண்ணெண்ணெய் விளக்குச் சிம்னியிலிருந்து வழித்த புகைக்கரிதான் என் அழுக்கு! சோதனைக் குழாய் ஒவ்வொன்றிலும் 10 மி.லி. திரவமும் ஒரு சிட்டிகைக் கரியும் இட்டு 20 முறை குலுக்கினேன்.

வெறும் கிணற்று நீரில் கரி மேலேயே மிதந்தது. மழைநீரில் கரைத்த சோப்பில் அது மை போலக் கலந்து, மறுநாள் காலையிலும் கறுப்பாகவே நின்றது. வடிதாளில் ஊற்றியபோது கறுப்பாகவே சொட்டியது. அதே சோப்பைக் கிணற்று நீரில் கரைத்தபோதோ வெள்ளைத் திரிகள் தோன்றின. கரி முழுவதும் அவற்றில் ஒட்டிக்கொண்டு சாம்பல் நிறக் கசடாகியது! வடிதாளின் கீழே வந்தது தெளிந்த நீர். அந்தக் கசடைக் கண்டதும் என் சீருடையின் நிறம் நினைவுக்கு வந்தது.

எங்கள் கிணற்று நீர் கடின நீர். அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள் சோப்போடு சேர்ந்து நீரில் கரையாத பொருளாகின்றன. அதுவே அழுக்கையும் சேர்த்துக்கொண்டு துணியில் அப்பிக்கொள்கிறது. அம்மா சோப்பைக் கூடுதலாகத் தேய்க்கத் தேய்க்கக் கசடும் கூடியிருக்கிறது, பாவம்!

சலவைத் தூள் கிணற்று நீரிலும் கரியை நன்றாகவே கலக்கியது. பூந்திக்கொட்டைச் சாற்றில்தான் எல்லாவற்றையும்விட அதிக நுரை. ஆனால் கரியில் ஒரு பங்கு அந்த நுரையிலேயே தங்கிவிட்டது. இதைப் பாட்டியிடம் சொன்னபோது அவர் ஒப்புக்கொள்ளவில்லை. தேங்காய் எண்ணெய் ஐந்து சொட்டு விட்டுப் பார்த்ததிலும், மழைநீர்ச் சோப்பும் சலவைத் தூளுமே பால் போல நின்றன.

கடைசியாக, கிணற்று நீரில் முதலில் சலவைச் சோடாவைக் கரைத்து, வெண்படிவு அடியில் தங்கியபின் தெளிந்த நீரில் சோப்புப் போட்டேன். திரிகள் மிகக் குறைவு. கரி கலந்து நின்றது.

இப்போது அம்மா முதல்நாள் இரவே வாளி நீரில் சோடா போட்டு வைக்கிறார். அலசவும் அந்த நீர்தான். புதுப் பாவாடை வெள்ளையாகவே இருக்கிறது. பழைய சட்டையின் காலரில் ஏறிய சாம்பல் நிறம் மட்டும் இன்னும் போகவில்லை.