நம்பிக்கைகளும் உண்மைகளும்: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையும் நித்திரையும்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஸ்திரீயைப் பார்க்கப் போகிற உற்றார் உறவினர், என்ன சாப்பிட்டாய், முடி எவ்வளவு கொட்டிற்று, அடுத்த மருந்து எப்போது ஏற்றுகிறார்கள் என்றெல்லாம் பரிவோடு விசாரிக்கிறார்களேயன்றி, இராத்திரி தூங்கினாயா என்று கேட்பவர் மிகச் சிலர்; கேட்டாலும், இவ்வளவு பெரிய வியாதி வந்திருக்கையில் தூக்கம் எங்கிருந்து வரும் என்று விடையையும் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். நோயாளியும், டாக்டருக்கு எதிரே உட்காரக் கிடைக்கும் அந்தச் சில நிமிஷங்களில், கட்டி, ஸ்கேன், ரத்த அணுக்களின் கணக்கு ஆகிய பெரிய விஷயங்களுக்கு நடுவே தூக்கத்தைப் பற்றி வாய் திறப்பது அற்பமென்று எண்ணி, சொல்லாமலே எழுந்து வந்துவிடுகிறாள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி தொடங்கிய நாட்களில், இந்த நோயின் பெயரைக் கேட்டாலே மரணத்தை நினைத்தவர்கள் நம் முன்னோர்; உயிருக்கே உத்தரவாதமில்லாதபோது உறக்கத்தைப் பற்றி யார் கேட்டிருப்பார்கள்? இன்றோ, ஆரம்ப நிலையிலேயே கண்டுபிடிக்கப்பட்ட ஸ்திரீகளில் பெரும்பாலோர் சிகிச்சைக்குப் பிறகு பல்லாண்டு வாழ்கிறார்கள். அந்த ஆண்டுகளின் இரவுகள் எப்படிக் கழிகின்றன என்பது அற்ப விஷயமன்று. சிகிச்சைக் காலத்துத் தூக்கமின்மைக்குக் காரணங்கள் உண்டு என்பதும், அவற்றுள் பலவற்றுக்குப் பரிகாரம் உண்டு என்பதும், அப்பரிகாரத்தைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை என்பதுமே நான் சொல்ல வந்தவை.

"கவலைதான் காரணம், மனத்தைத் திடப்படுத்திக்கொண்டால் தூக்கம் தானே வரும்" என்பது வீடுகளில் அதிகமாகக் கேட்கும் அபிப்பிராயம். கவலை இல்லையென்று நான் சொல்லவில்லை. ஸ்கேன் முடிவு வருவதற்கு முந்திய இரவில் யாருக்குத்தான் கண் மூடும்? ஆயினும் மருந்து ஏற்றிய அன்றிரவு, நடுப்பகலில் விழித்திருப்பதுபோல ஒருத்தி கண்ணை அகல விரித்துக்கொண்டு கிடந்தாளானால், அதற்கு முதற்காரணம் பெரும்பாலும் அவளுடைய மனமன்று, டெக்ஸாமெத்தஸோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தே. பாக்லிடாக்ஸெல் போன்ற மருந்துகள் ஒவ்வாமையைக் கிளப்பாதிருக்கவும், மற்றக் கீமோ மருந்துகளால் வாந்தி உண்டாகாதிருக்கவும் அதை முன்னதாகக் கொடுக்கிறார்கள். சிலருக்குப் பின்னும் இரண்டொரு நாள் மாத்திரையாகத் தொடர்கிறார்கள். அவசியமான மருந்துதான். ஆனால் அது மூளையை விழிக்கவைக்கும் சுபாவமுடையது. ஆகையால் வீட்டில் சாப்பிடவேண்டிய வேளையை இரவிலிருந்து காலைக்கோ பகலுக்கோ மாற்றலாமா என்று டாக்டரைக் கேட்பதனால், அவர் சம்மதித்தால், பல இரவுகள் மீளும். நோயாளி தானாக மாற்றவோ நிறுத்தவோ கூடாது.

காரணங்கள் இதோடு முடிவதில்லை. கீமோ மருந்துகளால் சினைப்பைகள் செயலற்றுப்போய், நாற்பது வயதுக்காரிக்கும் மாதவிடாய் திடீரென்று நின்றுவிடுவதுண்டு. அப்போது மார்பிலிருந்து முகம்வரை அனல் ஏறி, ஜாக்கெட் நனையும்படி வியர்த்து, அடுத்த நிமிஷமே குளிரெடுத்து, இப்படி இரவில் பலமுறை எழுப்பிவிடும். லெட்ரோஸோல், அனஸ்ட்ரோஸோல் மாத்திரைகள் மூட்டுவலியைத் தருகின்றன. பாக்லிடாக்ஸெல்லால் பாதங்கள் மதமதத்து எரிகின்றன. அறுவைசெய்த பக்கமாகத் திரும்பிப் படுக்க முடிவதில்லை. இத்தனையும் சரீரத்தில் நிகழ்ந்துகொண்டிருக்க, அவளுடைய மனோதிடத்தைக் குறை சொல்லுவது, துன்பத்தோடு குற்றவுணர்வையும் சேர்த்து அவள் தலையில் ஏற்றுவதாகும்.

டமாக்சிஃபென் மாத்திரையும் இந்த அனலைக் கிளப்பும்; அதற்குப் பயந்து மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. "கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, இனி இந்தச் சூட்டு மாத்திரை எதற்கு?" என்று பக்கத்திலிருப்பவர்களும் சொல்லிவிடுகிறார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பியுள்ள புற்றுநோய்க்கு இம்மாத்திரையை ஐந்து ஆண்டு சாப்பிட்டவர்களிடையே, முதல் பதினைந்து ஆண்டுகளில் அந்நோயால் நேரும் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென்று பல்லாயிரம் பேருடைய விவரங்களைத் திரட்டிப் பார்த்த ஆராய்ச்சி 2011-இல் ருசுப்படுத்தியது. இத்தகைய பலனைச் சொல்லாமல் கொள்ளாமல் விட்டுவிடுவது பரிதாபம். வென்லாஃபாக்ஸின், காபாபென்டின் என்னும் மருந்துகள் அனலின் வேகத்தைத் தணிக்கவல்லவை. கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள். இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். டமாக்சிஃபென் கல்லீரலில் எண்டாக்ஸிஃபென் என்னும் பொருளாக மாறியே பெரும்பாலும் வேலை செய்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் பராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின் ஆகியவை அந்த மாற்றத்தையே தடுக்கின்றன. ஆகவே வேறு டாக்டரிடம் தூக்கத்துக்கோ மனச்சோர்வுக்கோ போகும்போது, டமாக்சிஃபென் சாப்பிடுகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடவேண்டும்.

இனி, அன்பின் மிகுதியால் விளையும் ஒரு பிழைக்கு வருவோம். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டியிருக்கிறது. "ராத்திரி தூங்கவில்லையே, பகலில் படுத்துச் சரிக்கட்டிக்கொள், எழுந்திருக்காதே" என்று மகளும் மருமகளும் கட்டிலைவிட்டு இறங்கவிடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். அறுவைக்குப் பிந்திய நாட்களிலும், மருந்து ஏற்றியபின் உடல் துவண்டு கிடக்கும் இரண்டு மூன்று நாட்களிலும் ஓய்வு நியாயமானதே. அதுவே வாரக்கணக்கில் நீளும்போது விபரீதமாகிறது. தூக்கமும் பசியைப் போன்றது. நாளெல்லாம் கொறித்துக்கொண்டிருப்பவனுக்கு இரவுச் சாப்பாட்டில் ருசியிராததுபோல, பகலெல்லாம் கண்ணயர்ந்து கிடப்பவளுக்கு இரவில் தூக்கத்தின் வேகம் சேராது. அன்றியும், விழித்தபடியே மணிக்கணக்கில் படுக்கையில் புரளுகிறவளின் மூளை, படுக்கை என்றாலே விழித்துக் கவலைப்படும் இடம் என்று பழகிப்போகிறது. ரிச்சர்ட் பூட்ஸின் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இதைக் கருதியே, தூக்கம் வரும்போது மாத்திரம் படு, வராவிட்டால் எழுந்துவிடு, எப்போது தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திரு என்னும் விதிகளை 1972-இல் வகுத்தார். படுக்கையில் இருக்கும் நேரத்தையே முதலில் குறைத்து, தூக்கம் உறுதிப்பட்டபின் சிறிது சிறிதாகக் கூட்டும் முறையை ஆர்தர் ஸ்பீல்மன் 1987-இல் வெளியிட்டார். இவற்றோடு, தூக்கத்தைப் பற்றிய பயங்களை ஆராய்ந்து திருத்தும் பயிற்சியும் சேர்ந்த சிகிச்சையையே, நாட்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைகளுக்கும் முன்னதாகத் தரவேண்டுமென்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் சிபாரிசு செய்தது.

ஆரோக்கியமானவர்களுக்குச் சரி, புற்றுநோயாளிக்கு இது பொருந்துமா என்ற சந்தேகம் எழுவது இயல்பு. கனடாவின் கியூபெக் நகரத்து லாவால் பல்கலைக்கழகத்தில் ஜோசே சவார் என்னும் பெண்மணியும் அவருடைய சகாக்களும், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தும் தூக்கம் கெட்டிருந்த ஸ்திரீகளிடமே இம்முறையைப் பரீட்சித்து, தூக்கமும் மனநிலையும் சீர்ப்பட்டதை 2005-இல் வெளியிட்டிருக்கிறார்கள். நேரத்தைக் குறைக்கும் பகுதியை மட்டும் டாக்டர் மேற்பார்வையில்தான் செய்யவேண்டும். வலிப்பு நோயுள்ளவர்களுக்கு அது ஆகாது. மற்றவை எவர் வீட்டிலும் ஆகக்கூடியவை. தூக்கம் வராதபோது எழுந்து உட்காரத் தனியறை வேண்டுமென்பதில்லை, கூடத்தில் ஒரு நாற்காலி போதும். விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் வைத்துவிடும் நம்முடைய பழைய வழக்கம் இந்த விஷயத்தில் பெரிய உபகாரி; விரித்தே கிடக்கும் மெத்தை பகலெல்லாம் வா என்று அழைத்துக்கொண்டிருக்கும். மிகவும் அயர்ந்தால் மூன்று மணிக்குமுன் அரைமணிக்கு மேற்படாமல் கண்ணயரலாம். வெயில் தாழ்ந்தபின் தெருக்கோடிவரை நடந்துவிட்டு வருவது களைப்பைக் கூட்டுமென்று அஞ்சவேண்டாம். சிகிச்சையால் வரும் களைப்பைக் குறைப்பதில் உடற்பயிற்சிக்கு உள்ள சக்தி, நன்கு பரீட்சிக்கப்பட்டதொன்று.

"தூங்காவிட்டால் கட்டி மறுபடி வளரும்" என்று பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். இரவுநேர வேலை புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடுமென்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2007-இலும் மறுபடி 2019-இலும் வகைப்படுத்தியது மெய். அது இரவில் உழைத்துப் பகலில் உறங்கி உடலின் காலக்கிரமமே குலைந்தவர்களைப் பற்றிய தீர்மானம். சிகிச்சையின் நடுவே தூக்கம் கெட்ட சில வாரங்களால் மருந்து பலிக்காமற்போகும் என்பதற்கு அது ஆதாரமாகாது. கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பயப்படுவதே மிச்சத் தூக்கத்தையும் விரட்டிவிடும். கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

தூக்க மாத்திரையை விஷமென்று விலக்குவதும் தவறு, கடையில் கேட்டு வாங்கி நாள்தோறும் விழுங்குவதும் தவறு. டாக்டர் சில நாளைக்கென்று கொடுத்தால் தயங்காமல் சாப்பிடலாம். வயதானவர்கள், அதிலும் எலும்பை மெலியச்செய்யும் லெட்ரோஸோல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அந்த மயக்கத்தில் இரவில் எழுந்து விழுந்துவிடாதபடி வீட்டார் கவனிக்கவேண்டும்.

பாலில் அமுக்கராச் சூரணம் கலந்து குடித்தால் தூக்கம் வருமென்ற யோசனையும் வந்துசேரும். அமுக்கராவால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களின் விவரங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. கீமோ மருந்துகளின் பாரத்தை ஏற்கனவே தாங்கிக்கொண்டிருக்கும் அந்த உறுப்புக்கு, டாக்டரைக் கேளாமல் மற்றொன்றைத் தருவது உசிதமன்று. சமையலிலும் பாலிலும் சேரும் மஞ்சள் வேறு, மஞ்சளின் சத்தையும் மிளகின் சத்தையும் செறித்து விற்கும் மாத்திரை வேறு. பின்னதோடு டமாக்சிஃபென் சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் எண்டாக்ஸிஃபென் ஓரளவு குறைந்ததை நெதர்லாந்தில் நடந்த சிறிய ஆராய்ச்சியொன்று காட்டியிருக்கிறது.

என் மனத்தை மிகவும் வருத்தும் நம்பிக்கை ஒன்று உண்டு. "கரண்ட் வைத்துக்கொள்கிறவள் பக்கத்தில் குழந்தையைப் படுக்கவைக்காதே" என்று சொல்லி, கதிர்ச் சிகிச்சை பெறும் கைக்குழந்தைக்காரியைத் தனியே ஒதுக்கிவிடுகிறார்கள். அவளும் தன்னால் குழந்தைக்கு ஆபத்தென்று நம்பி, அதன் அழுகையைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டு விழித்திருக்கிறாள். வெளியேயிருந்து இயந்திரத்தால் பாய்ச்சப்படும் கதிர், இயந்திரம் நின்ற கணமே நின்றுவிடுகிறது. அவளுடைய தேகத்தில் தங்குவதுமில்லை, அங்கிருந்து பிறர்மேல் பாய்வதுமில்லை. சிகிச்சை முடித்து வந்த அன்றைக்கே அவள் குழந்தையைத் தாராளமாக அணைத்துக்கொண்டு தூங்கலாம். குழந்தையின் கை கால் பட்டுச் சருமம் நோகாதபடி சிகிச்சை பெறாத பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டால் போதும். கதிரியக்கப் பொருளை உள்ளே வைத்துச் செய்யும் முறை வேறு. அதற்குரிய கட்டுப்பாடுகளை டாக்டரே சொல்லி அனுப்புவார்.

கடைசியாக, இரவில் உடம்பு காந்துவதையெல்லாம் "மருந்துச் சூடு" என்று தள்ளிவிடும் வழக்கம். கீமோ ஏற்றிய ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையே ரத்தத்தின் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருப்பது சாதாரணம். அப்போது தொற்றிய கிருமி சில மணிநேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாக முற்றக்கூடும். அனல் வந்து போவது மாதவிடாய் நின்றதாலா, காய்ச்சலாலா என்பதைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல இயலாது. வெப்பமானி 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட், அல்லது அதற்குமேல் காட்டினால், பாராசிட்டமால் மாத்திரை விழுங்கிக் காய்ச்சலை மறைத்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திராமல், அந்த நேரத்திலேயே வீட்டாரை எழுப்பி ஆஸ்பத்திரிக்குப் புறப்படவேண்டும். வெப்பமானியும், சிகிச்சைக் கோப்பும், ஆஸ்பத்திரியின் இரவு நேர டெலிபோன் எண்ணும் தலைமாட்டிலேயே இருக்கட்டும். கீமோ நடக்கிறது என்பதையும் கடைசியாக மருந்து ஏற்றிய தேதியையும் அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.