இருட்டில் கால்தான் காட்டிக்கொடுக்கும்

கேள்வி: நூல் மில்லில் வேலை பார்க்கிறேன். செகண்ட் ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவை ஒட்டி, பழனி ரோட்டில் சைக்கிளில்தான் வீடு திரும்புகிறேன். பாதி வழிக்குத் தெருவிளக்கே கிடையாது. மில்லில் கொடுத்த பளீர் பச்சைக் கோட்டைத் தவறாமல் போட்டுக்கொள்கிறேன். அப்படியும் போன வாரம் ஒரு வேன் கைப்பிடியை உரசாத குறையாகப் போய் நின்றது. "ஆளே தெரியலீங்க" என்றார் டிரைவர். இந்தப் பச்சை எப்படித் தெரியாமல் போகும்? லைட் வாங்கினால் மினுக்குவது நல்லதா, நின்று எரிவது நல்லதா?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: டிரைவர் சொன்னதை நம்பலாம். உங்கள் கோட்டின் பச்சை பகலுக்கானது. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கித்தான் அந்தச் சாயம் அப்படிப் பளீரிடுகிறது. அந்தியிலும் மழை மூட்டத்திலும்கூட உதவும். ஹெட்லைட்டில் அந்தக் கதிர் மிகக் குறைவு. அதனால் ராத்திரியில் வேலை செய்வது கோட்டின் குறுக்கே தைத்திருக்கும் வெள்ளிப் பட்டை மட்டும்தான். அதையும் முதுகில் மாட்டிய சாப்பாட்டுப் பை மறைத்துவிட்டால் கோட்டுப் போட்டும் பயனில்லை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மூடிய சாலை ஒன்றில், இருட்டில், சைக்கிள்காரர்களுக்கு விதவிதமாக உடுத்தி, காரோட்டிகளை ஓட்டிவரச் சொன்னார்கள். 2012-இல் முடிவு வெளியானது. கறுப்பு உடையில் இருந்தவரை நூற்றுக்கு 2 தடவைதான் கண்டுகொண்டார்கள். பளீர் நிறக் கோட்டுக்கு 15. வெள்ளிப் பட்டை வைத்த கோட்டுக்கு 50. அதே கோட்டோடு முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டை கட்டியவுடன் 90!

காரணம் கால் அசைவு. நெஞ்சில் மின்னும் பட்டை மைல்கல்லாக இருக்கலாம், நின்றிருக்கும் லாரியாகவும் இருக்கலாம். எதுவென்று யோசிப்பதற்குள் வண்டி கிட்டே வந்துவிடும். மேலும் கீழும் ஏறி இறங்கும் இரண்டு கீற்றைப் பார்த்தால் யாரோ மிதிக்கிறார்கள் என்று கண் உடனே பிடித்துக்கொள்ளும். அந்த ஒரு நொடிதான் பெரிய விஷயம். 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி, டிரைவர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்கும் ஒன்றரை வினாடிக்குள் 25 மீட்டர் ஓடிவிடும். அதற்கப்புறம் நிற்பதற்கு இன்னும் ஏறக்குறைய அதே தூரம் வேண்டும்.

ஆகவே முதல் செலவு ரேடியம் கடையில். லாரிக்கு ஒட்டும் பட்டையில் துண்டு கேட்டால் கிடைக்கும். வெள்ளையோ மஞ்சளோ வாங்குங்கள், சிவப்பைவிட அவை அதிக வெளிச்சத்தைத் திருப்பும். ஒரு பழைய பெல்ட்டிலோ கனத்த துணியிலோ ஒட்டி, கணுக்காலைச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள். பேன்ட் செயினில் மாட்டாமலும் இருக்கும். தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களின் பையில் உங்கள் ரோட்டிலேயே ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் காலிலும் ஒட்டினால் எவ்வளவோ நல்லது என்று எனக்கு ஒவ்வொரு வருஷமும் தோன்றும்.

அடுத்து, பெடலைப் பாருங்கள். கட்டைப் பெடலின் இரு ஓரத்திலும் ஆரஞ்சு வில்லை பதித்திருக்கும். பெடல் உடைந்து மாற்றும்போது வில்லை இல்லாத மலிவுப் பெடலைப் போட்டுவிடுவார்கள், நாமும் கவனிப்பதில்லை. பின் மட்கார்டில் இருக்கும் சிவப்பு வில்லையைக் கிட்டே வைத்துப் பாருங்கள்: உள்ளே நுண்ணிய கட்டங்கள், ஒவ்வொன்றும் அறை மூலை போல மூன்று பக்கம் சேரும் குழி. உள்ளே விழும் ஒளி மூன்று பக்கமும் பட்டு, வந்த திசைக்கே திரும்பும். சேறு அப்பினால் அவ்வளவும் வீண். மழைக்காலத்தில் தினம் ஒரு துணியால் துடையுங்கள்.

ஆனால் வந்த திசைக்கே திரும்புவதில்தான் குறையும் இருக்கிறது. ஹெட்லைட் உங்கள்மேல் விழுந்தால்தான் பட்டை மின்னும். லாரி டிரைவர் விளக்கைவிட வெகு உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் அவர் கண்ணுக்கு வந்து சேருவது குறைவு. குறுக்கு ரோட்டிலிருந்து வருபவரின் வெளிச்சம் உங்கள்மேல் படும்போது நீங்கள் அவர் முன்னால் நிற்பீர்கள். அதனால் லைட்டும் கட்டாயம் வேண்டும்.

ஒன்றுதான் இப்போது முடியும் என்றால் பின்னாலுள்ள சிவப்பு விளக்கை வாங்குங்கள். சீட்டுக்குக் கீழே மாட்டச் சொல்வார்கள், வேண்டாம். கேரியரில் வைக்கும் பை மறைக்கும். கேரியரின் கடைசிக் கம்பியில் மாட்டுங்கள். இருட்டு ரோட்டில் நின்று எரிவதுதான் என் கட்சி. மினுக்குவது கண்ணை இழுக்கும், ஆனால் எவ்வளவு தூரத்தில் போகிறீர்கள் என்று கணிக்க விடாது. ஜெர்மனியில் சைக்கிளில் மினுக்கும் விளக்குக்கு அனுமதியே இல்லை. மினுக்குதான் பிடிக்கும் என்றால் இரண்டாவது விளக்காக வைத்துக்கொள்ளுங்கள். முன் விளக்கு வெள்ளையாக, சற்றுத் தரையைப் பார்த்துச் சாய்ந்திருக்கட்டும். எதிரே வருபவரின் கண்ணில் அடித்தால் அவர் உங்களையும் பார்க்கமாட்டார், பள்ளத்தையும் பார்க்கமாட்டார்.

பழைய டைனமோ இருந்தால் கழற்றாதீர்கள், முன் விளக்குக்கு அது போதும். சைக்கிள் நின்றால் அணைந்துவிடும் என்பதால் பின்னால் மட்டும் பேட்டரி விளக்கு இருக்கட்டும். அது மங்குவது உங்களுக்குத் தெரியாது. ஏறி உட்காருமுன் உள்ளங்கையை விளக்குக்குப் பின்னால் பிடித்துப் பாருங்கள், சிவப்பு நன்றாக விழுந்தால் கிளம்பலாம்.

கடைசியாக, எதிரே ஒரு வண்டி ஹைபீமில் வர, பின்னாலும் ஒன்று வருகிற சத்தம் கேட்டால், எந்தப் பட்டையையும் நம்பாதீர்கள். பின்னால் வருபவருக்கு அப்போது கண் கூசிப்போயிருக்கும். மண் ஓரத்தில் இறங்கி, இரண்டும் போனபின் ஏறுங்கள்.