வழித்துணைப் பாட்டு

நெடுவழி செல்வார்க்குப் பாட்டு நற்றுணையாகும். ஊற்றுமலைக் குறுநிலத் தலைவர் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றபோது, வழிநடை வருத்தம் தோன்றாதிருக்க அண்ணாமலை ரெட்டியார் பாடியதே காவடிச் சிந்து என்பர். அன்று பலர் கூடி நுகர்ந்த இன்பத்தை இன்று ஒவ்வொருவரும் தனித்தே நுகர்கின்றனர். 1979ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமாகிய சோனி வெளியிட்ட ‘வாக்மன்’ என்னும் சிறு கருவி இவ்வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. இப்பொழுது கைப்பேசியே அப்பணியைச் செய்கின்றது.

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே 1931ஆம் ஆண்டு முதல் மின்சார ரயில் ஓடி வருகின்றது. அதில் நாள்தோறும் அலுவலுக்குச் செல்லும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் தமக்கு விருப்பமான 20 பாட்டுக்களைத் தொகுத்து வைத்துள்ளார். பாடகர் நால்வர், ஒவ்வொருவர்க்கும் ஐந்து பாட்டுக்கள். நாளும் ஒரே வரிசையிற் கேட்பின், கிண்டியில் இன்ன பாட்டு, சைதாப்பேட்டையில் இன்ன பாட்டு என்பது முன்னரே தெரிந்துவிடும், சுவையும் குன்றும். ஆதலின் அவர், ‘ஷஃபிள்’ எனப்படும் குலுக்கல் முறையை நாடுகின்றார். அடுத்து வருவது இன்னதென்று அறியாமையால், நூறு முறை கேட்ட பாட்டும் எதிர்பாராத விருந்தினர்போல் வந்து மகிழ்விக்கின்றது.

இம்முறை நமக்குப் புதிதன்று. முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள் கூறும் குடவோலை முறையை நினைவுகூர்க. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். எடுத்த ஓலையை மீண்டும் குடத்தில் இடாததுபோல, குலுக்கல் வரிசையிலும் 20 பாட்டும் முடியுமளவும் வந்த பாட்டு மீண்டும் வாராது. இவ்வாறு வரிசை அமைக்கும் கணக்கு வழியை ஃபிஷர், யேட்ஸ் என்னும் அறிஞர் இருவர் 1938ஆம் ஆண்டில் வகுத்தளித்தனர். கணிப்பொறிக்கு ஏற்ற வடிவம் 1964ஆம் ஆண்டில் வெளிவந்தது.

எனினும், “ஒரே பாடகர் அடுத்தடுத்து வருகின்றார், கருவி நடுநிலை தவறுகின்றது” என்று நம் பயணி குறை கூறுகின்றார். அக்கூற்றை ஆராய்வோம். எந்தப் பாட்டை எடுத்துக்கொண்டாலும், அதனை அடுத்து வருதற்குரியவை 19. அவற்றுள் 4 அதே பாடகருடையவை. 20 பாட்டுக்களின் வரிசையில் அடுத்தடுத்த இணைகளும் 19. ஆகவே, சராசரியாக 4 இடங்களில் ஒரே பாடகர் தொடர்ந்து வருதல் இயல்பே. நெல்லை வீசி விதைத்தால் ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் விழும். நாற்று நட்டாற்போல் ஒழுங்காக அமையாது. தற்செயலின் இயல்பும் அதுவே.

கேட்போர் மனக்குறை தீர, ஆப்பிள் நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும், ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2014ஆம் ஆண்டிலும், ஒரே பாடகரின் பாட்டுக்கள் நெருங்கி வாராவண்ணம் முறைகளை அமைத்தன. தற்செயலைக் குறைத்தபின், கேட்போர்க்கு அது மெய்யான தற்செயலாகத் தோன்றியது! இஃதன்றோ விந்தை!

மாணவர்களே, பாட்டு வரிசையில் இம்மயக்கம் தீங்கற்றது. வாழ்க்கையிலோ அவ்வாறன்று. வகுப்பில் இருமுறை தொடர்ந்து தன்னையே வினவியதால் ஆசிரியர் தன்னை வெறுக்கின்றார் என்று கருதும் மாணவனும், இரு தோல்விகள் அடுத்தடுத்து நேர்ந்ததால் தனக்குக் காலம் சரியில்லை என்று முயற்சியைக் கைவிடும் இளைஞனும் இம்மயக்கத்திற்கு ஆளானவர்களே. இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வந்ததனால் மட்டும் அவற்றின் பின்னே ஒருவரது எண்ணம் உண்டென்று துணிதல் கூடாது. எண்ணிப் பார்த்த பின்னரே பழி கூறுதல் அறிவுடையார் செயலாகும்.